ஷீட்டுக் கூரைக்கு வரிச் சலுகை கொடுத்தால் யாருக்குப் போகும்?

புதுச்சேரிக்கு வந்து கேமராவைத் தூக்குகிறவர்கள் எல்லோரும் எடுப்பது ஒரே படம்தான். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, 'ரூ' என்று ஆரம்பிக்கும் நீல நிறத் தெருப் பலகை. அதே ஆட்கள் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்து, நெல்லித்தோப்பிலோ முத்தியால்பேட்டையிலோ ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மேலே நின்றால் வேறு ஊர் தெரியும். மொட்டை மாடிகளில், சந்துகளில், கடைகளின் பின்பக்கத்தில் சாம்பல் நிற அலை அலையாக ஷீட். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், சிமெண்ட் ஷீட், 'ஆஸ்பெட்டாஸ்' என்று வாய்க்கு வந்தபடி சொல்வார்கள். தமிழில் கல்நார். பாடப்புத்தகத்தைத் தவிர வேறெங்கும் அந்த வார்த்தையை யாரும் உபயோகிப்பதில்லை.

இந்தக் கூரைகளுக்குக் கீழே இருப்பவர்கள் யார்? தினக்கூலிக் குடும்பங்கள், இஸ்திரி போடுபவர், டூ வீலர் மெக்கானிக், டிபன் கடை. அப்புறம், வெளியூரிலிருந்து படிக்க வந்து 'மாடியில தனி ரூம், தண்ணிப் பிரச்சினை இல்ல' என்று தரகர் காட்டிய அறையில் அட்வான்ஸ் கொடுத்து உட்கார்ந்திருக்கும் மாணவர்கள். மே மாதத்தில் அந்த ரூமில் மதியம் தூங்கியவர்களுக்கு ஷீட்டின் சூடு தெரியும். சூடு தெரிகிற அளவுக்கு மற்றது தெரிவதில்லை.

மற்றது என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கல்நார் என்பது மண்ணிலிருந்து வெட்டியெடுக்கும் ஒரு தாது. நூல் நூலாகப் பிரியும், தீப்பிடிக்காது, விலை மலிவு. சிமெண்டோடு சேர்த்தால் மெல்லிய தகடுகூட வலுவாக நிற்கும். ஷீட்டின் எடையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு கல்நார். மீதி சிமெண்ட், சாம்பல், காகிதக்கூழ் வகையறா. அறுக்கும்போதும் துளை போடும்போதும் உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார்த்துணுக்குகள் காற்றில் பறக்கும். அவை நுரையீரலுக்குள் போனால் திரும்பி வருவதில்லை. நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய், மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடும் ஆஸ்பெஸ்டாஸிஸ் எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எல்லா வகைக் கல்நாருமே, வெள்ளைக் கல்நார் உட்பட, புற்றுநோய் உண்டாக்கும் என்பதுதான் அதன் நிலை. நோய் வெளியே தெரிய 20, 30, 40 வருடம்கூட ஆகும். 25 வயதில் ஷீட் அறுத்தவருக்கு 60 வயதில் இருமல் வந்தால், எந்த டாக்டர் அந்தப் பழைய கூரையைப் பற்றிக் கேட்பார்?

ஷீட் தயாரிப்பவர்கள் சொல்லும் பதிலையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நார் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கிறது, முழு ஷீட்டால் ஆபத்தில்லை என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. விரிசல் இல்லாமல், யாரும் கை வைக்காமல் இருக்கும் ஷீட்டிலிருந்து வெளிவரும் நார் குறைவுதான். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் சுத்தியலை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓட வேண்டாம். பிரச்சினை என்னவென்றால் புதுச்சேரியில் எந்தக் கூரையும் நிம்மதியாக இருப்பதில்லை. வெயிலும் உப்புக்காற்றும் சிமெண்டை அரிக்கின்றன. கேபிள்காரர் துளை போடுகிறார், சோலார் ஹீட்டர்காரர் மேலே நடக்கிறார். பிறகு புயல். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது ஷீட்டுகள் காகிதம் மாதிரிப் பறந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்தது. ஒவ்வொரு முறையும் அடுத்த நாள் காலையில் நடப்பது ஒன்றுதான்: உடைந்ததை வெறுங்கையால் அள்ளித் தெரு ஓரத்தில் குவிப்பார்கள், பெரிய துண்டுகளைக் காலால் மிதித்துச் சின்னதாக்குவார்கள், பெண்கள் துடைப்பத்தால் கூட்டுவார்கள். மாலைக்குள் புது ஷீட் வந்து இறங்கிவிடும். அதுவும் அதே ஷீட்.

ஏன் அதே ஷீட் என்று கேட்டால் பதில் சுலபம். ஊரில் கிடைப்பவற்றில் விலை குறைந்தது அதுதான், இரண்டு ஆள் இருந்தால் ஒரு நாளில் மாட்டிவிடலாம். கான்கிரீட் போட சுவர் தாங்காது. கலர் ஷீட்டுக்குக் கீழே இரும்புச் சட்டம் வேண்டும். மழையில் அது போடும் சத்தத்தில் பிள்ளைகள் படிக்க முடியாது என்ற புகார் வேறு. கையில் காசில்லாத நேரத்தில், அதுவும் தலைக்கு மேலே வானம் தெரியும் நேரத்தில், நுரையீரலைப் பற்றி யோசிக்கச் சொல்வது எளிது, யோசிப்பது கஷ்டம்.

இங்கேதான் வரிச் சலுகை என்ற யோசனை வருகிறது. ஆபத்தான கட்டடப் பொருளை எடுத்துவிட்டு நல்லதைப் போடுகிறவருக்கு அரசாங்கம் வரியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எந்த வரியில் என்று கேட்டதும்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

வருமான வரியை எடுத்துக்கொள்வோம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கக் கடன் வாங்கினால் அதன் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். கடன் வாங்காமல் சேமிப்பிலிருந்து செலவழித்தால் ஒன்றும் இல்லை. 80சி பிரிவில் வீட்டுக்கடன் அசலுக்குச் சலுகை உண்டு, ஆனால் வாங்கவோ கட்டவோ மட்டும்; பழுதுபார்ப்பும் புதுப்பிப்பும் கிடையாது என்று சட்டமே வெளிப்படையாகச் சொன்னது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்குக் குடியிருக்கும் வீட்டின் வட்டிச் சலுகையும் போயிற்று. 2025இல் புதிய வருமான வரிச் சட்டம் நிறைவேறியது. பிரிவு எண்கள் மாறின, இந்த ஏற்பாடு மாறவில்லை.

வாடகைக்கு விட்டவர் கதை இதைவிட சுவாரசியம். வாடகை வருமானத்திலிருந்து நகராட்சி வரி போக, மீதியில் 30 சதவீதத்தை அவர் அப்படியே கழித்துக்கொள்ளலாம். பராமரிப்பு, பழுது போன்றவற்றுக்கு என்று கணக்கு. பில் காட்ட வேண்டாம். ஒரு ரூபாய்கூட செலவழிக்காவிட்டாலும் 30 சதவீதம் உண்டு. கூரையை மொத்தமாக மாற்றினாலும் அதே 30 சதவீதம்தான். அதாவது அந்த மாடி ரூமின் ஷீட்டை மாற்றுவதற்கான சலுகை ஏற்கெனவே வருடாவருடம் கொடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஷீட்தான் மாறவில்லை! (வாடகையைக் கணக்கில் காட்டுகிற வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுகிறோம். காட்டாதவர்கள் தனிக் கதை.)

எல்லாவற்றுக்கும் மேலே, இஸ்திரிக் கடைக்காரரும் மீன் விற்கும் அம்மாவும் வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவர்கள் அல்ல. கட்டாத வரியில் எதைத் தள்ளுபடி செய்வது?

அமெரிக்காவில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2005இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு வீடு கட்டும் பலகைகளுக்குத் தட்டுப்பாடு வந்து சீனாவிலிருந்து ஜிப்சம் பலகைகள் இறக்குமதியாயின. சில வீடுகளில் அவற்றிலிருந்து கந்தக வாசனை வந்தது, செம்புக் கம்பிகள் கறுத்தன, ஏ.சி. செத்தது. 2010இல் அமெரிக்க வரித்துறை, இந்தப் பலகையை மாற்றும் செலவை விபத்து இழப்பாகக் காட்டி வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. அதற்கு முன் விபத்து என்றால் தீ, வெள்ளம் போலத் திடீரென்று நடந்ததாக இருக்க வேண்டும். மெதுவாகக் கெடுவது விபத்து அல்ல. அந்தச் சுவரை உடைத்தது நல்ல விஷயம்தான். கனெடிகட் மாநிலத்தில் பிரோடைட் என்ற தாது கலந்த ஜல்லியால் வீட்டு அஸ்திவாரங்கள் நொறுங்க ஆரம்பித்தபோது, 2017இல் அவர்களுக்கும் இதே சலுகை கிடைத்தது. ஆனால் அந்த வருடக் கடைசியிலேயே வந்த வரிச் சட்டம், அரசு அறிவித்த பேரிடர்களுக்கு மட்டும்தான் இழப்புக் கழிவு என்று 2018 முதல் குறுக்கிவிட்டது. அந்த மாநிலத்தில் கடைசியில் வேலை செய்தது வேறொன்று: வீட்டுக் காப்பீட்டுப் பாலிசி ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு 12 டாலர் வசூலித்து ஒரு நிதி உண்டாக்கி, அதிலிருந்து அஸ்திவாரம் மாற்றப் பணம் கொடுத்தார்கள். வரிக் கழிவு முன்னால் போனது, நேரடிப் பணம் பின்னால் வந்தது. அஸ்திவாரம் மாறியது பணம் வந்த பிறகுதான்.

அமெரிக்கா தூரம், புதுச்சேரிக்கே வருவோம். தனியார் வீட்டைப் பழுதுபார்க்கப் பொதுப் பணம் கொடுப்பதா என்று முகம் சுளிப்பவர்களுக்கு இந்த ஊரிலேயே பதில் இருக்கிறது. கால்வே சுப்பராய செட்டி தெரு என்று பெயர்ப்பலகை சொல்லும், ஊர்க்காரர்கள் வைசியாள் வீதி என்று சொல்லும் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இன்டாக் அமைப்பு முன்னின்று, அந்தத் தெரு வீடுகளின் முகப்புகளைப் பழையபடி சீர்செய்தார்கள். செலவில் ஒரு பங்கு திட்டம் கொடுத்தது, மறு பங்கு வீட்டுக்காரர்கள் போட்டார்கள். 2008இல் யுனெஸ்கோ விருதுகூடக் கிடைத்தது. சும்மா சொல்லக்கூடாது, திண்ணையும் மரத்தூணுமாகத் தெரு அழகாகவே இருக்கிறது. யாரும் அதைத் தனியாருக்குக் கொடுத்த தானம் என்று திட்டவில்லை. தெருவில் போகிறவர் கண்ணுக்குத் தெரியும் முகப்புக்குப் பாதிப் பணம் நியாயம் என்றால், உள்ளே தூங்குகிறவர் தலைக்கு மேலே இருக்கும் கூரைக்கு ஏன் நியாயமில்லை?

பிரான்ஸ் தன் மண்ணில் 1997 ஜனவரி 1 முதல் கல்நாரைத் தடை செய்தது. 1997 ஜூலைக்கு முன் அனுமதி வாங்கிக் கட்டிய வீட்டை அங்கே விற்பதென்றால் கல்நார் இருக்கிறதா என்று பரிசோதித்த சான்றிதழை வாங்குபவரிடம் கொடுத்தாக வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக் குடும்பங்களில் அங்கே ஒரு பழைய ஃபிளாட் விற்றவர்களைக் கேட்டால் 'அமியாந்த்' சான்றிதழுக்கு அலைந்ததைச் சொல்வார்கள். அதே குடும்பத்துக்கு இங்கே இருக்கும் வீட்டை விற்கும்போது ஒருவரும் எதையும் கேட்பதில்லை. 1962இல் சட்டப்படி கைமாறிய ஊருக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டம் எப்படி வரும், வராதுதான். 2006இல் கிளெமென்சோ என்ற பழைய போர்க்கப்பலைக் கல்நாரோடு சேர்த்துக் குஜராத்தின் அலாங்குக்கு உடைக்க அனுப்பிவிட்டு, எதிர்ப்புக்குப் பின் அதிபர் சிராக் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார். இந்தியாவில் பெரிய கோபம் கிளம்பியது, நியாயம்தான். கப்பலில் வந்த கல்நாருக்கு உச்ச நீதிமன்றம் வரை போனோம். சரக்குக் கப்பலில் மூட்டையாக வருவதற்கு ஒன்றும் சொல்வதில்லை. இந்தியாவில் கல்நார் வெட்டியெடுக்கப் புதுக் குத்தகை கொடுப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன, ஆனால் ரஷ்யாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் ஆண்டுக்குச் சில லட்சம் டன் இறக்குமதியாகிறது. இதில் பிரேசில் தன் நாட்டு உபயோகத்துக்கு 2017இலேயே தடை வாங்கிவிட்டது!

தடை போட்டால் போயிற்று என்பவர்கள் பக்கத்து இலங்கையைப் பார்க்க வேண்டும். 2024க்குள் கல்நாரை முழுவதுமாக நிறுத்துவதாக அந்த அரசு அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைப் பெட்டியில் ஒரு வண்டு இருந்ததாகச் சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. இலங்கை கல்நார்க் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது, தேயிலை மறுபடி போனது. வண்டு எங்கே போனதோ தெரியாது. இங்கேயும் 2011இல் முழுத் தடை கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே தடை வரும்வரை காத்திருப்பது என்பது இன்னும் இரண்டு மூன்று புயலுக்குக் காத்திருப்பது.

பின்பற்றத்தக்க உதாரணம் தென் கொரியா. 1970களில் அங்கே சேமௌல் என்ற கிராம முன்னேற்ற இயக்கம், ஓலைக் கூரைகளைப் பிரித்துவிட்டுக் கல்நார் ஸ்லேட் போடச் சொன்னது. நம் ஊரில் கீற்றுக் கொட்டகை தீப்பிடிக்கிறது என்று ஷீட்டுக்கு மாறியதும் அதே கதைதான். 2009இல் கல்நாருக்குத் தடை போட்டபின், 2011இலிருந்து அந்தப் பழைய கூரைகளைக் கழற்றி அப்புறப்படுத்தும் செலவை அரசு ஏற்க ஆரம்பித்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: வீட்டுக்காரருக்குப் புதுக் கூரை வாங்கித் தருவதிலிருந்து அவர்கள் ஆரம்பிக்கவில்லை. பழையதைப் பாதுகாப்பாக இறக்குவதிலிருந்து ஆரம்பித்தார்கள்.

வரிச் சலுகைக்காரர்கள் மறந்துவிடும் இடமும் அதுவே. புதுக் கூரைக்கு மட்டும் சலுகை கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பழைய ஷீட்டைப் பிடுங்குவார்கள். பிடுங்குபவர் லுங்கியை மடித்துக் கட்டிய, மாஸ்க் இல்லாத கூலித் தொழிலாளி. ஜே போல்ட் துருப்பிடித்திருக்கும், திருகிக் கழற்றப் பொறுமை இருக்காது, சுத்தியலால் ஒரு அடி. உடைந்தது காலி மனைக்கும் பள்ளத்துக்கும் போகும். முப்பது வருடம் கூரையில் கட்டுண்டு கிடந்த நாரை ஒரே வாரத்தில் தெரு முழுக்கத் தூவ அரசே பணம் கொடுத்த மாதிரி ஆகும். தொழிற்சாலையின் கல்நார்க் கழிவுக்கு 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் இடம் இருக்கிறது. தெருமுனையில் குவிந்த வீட்டு ஷீட்டை அந்தக் கண்ணோடு யார் பார்க்கிறார்கள்?

ஆகவே புதுச்சேரிக்குப் பொருந்துவது வருமான வரி அல்ல, வீட்டு வரி. தொகையைப் பார்த்தால் சிரிப்பு வரலாம். ஒரு பேச்சுக்கு, ஆண்டுக்கு 600 ரூபாய் வீட்டு வரி கட்டும் வீட்டுக்குப் பத்து வருடம் முழுத் தள்ளுபடி கொடுத்தாலும் 6,000 ரூபாய்தான். அந்தக் காசில் கூரை வராது. ஆனால் வீட்டு வரிக்கு வேறு எதற்கும் இல்லாத ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் நகராட்சியிடம் ஒரு மதிப்பீட்டு எண் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கூரை பற்றிக் கேட்டபோது தகரத்தையும் கல்நாரையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டார்கள். அதை வைத்துக்கொண்டு எந்தத் தெருவில் எத்தனை ஷீட் என்று சொல்ல முடியாது. 'என் வீட்டில் ஷீட் இருக்கிறது' என்று பதிவு செய்பவருக்கு அந்த வருட வீட்டு வரி தள்ளுபடி என்று அறிவித்தால் ஆறே மாதத்தில் புதுச்சேரி, உழவர்கரை இரண்டு நகராட்சிகளுக்கும் முழுப் பட்டியல் கையில் இருக்கும். 600 ரூபாய்க்கு அது மலிவு.

பட்டியல் வந்தபின் பணம் போகவேண்டிய இடம் இறக்கும் வேலை. பயிற்சி பெற்ற குழு, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, உடைக்காமல் கழற்றி, கயிறு கட்டி இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துப் போக வேண்டும். வீட்டுக்காரர் அதற்கு ஒரு பைசா தரக்கூடாது. முழு ஷீட்டாக ஒப்படைத்ததற்கு ரசீது. அந்த ரசீதைக் காட்டினால்தான் புதுக் கூரைக்கு மானியமும், அடுத்த சில வருட வீட்டு வரித் தள்ளுபடியும். நல்ல நிலையில் இருக்கும் ஷீட்டுக்குப் பெயிண்ட் அடித்து மூடினாலே போதும் என்றால் அந்தச் செலவுக்கும் சலுகை வேண்டும். இல்லாவிட்டால் பணத்துக்காக நல்ல கூரையையும் பிரிப்பார்கள்.

மாடி ரூம் வாடகைக்காரர்களுக்கு மட்டும் இந்தத் தாராளம் தேவையில்லை. (வாடகை கொடுப்பவரைச் சொல்லவில்லை, வாங்குபவரை.) அவர்களுக்குத்தான் 30 சதவீதம் ஏற்கெனவே போகிறதே. உடைந்த ஷீட்டின் கீழே ஆளைக் குடிவைத்திருந்தால் அந்தக் கழிவு கிடையாது என்று ஒரு வரி சேர்த்தால், பாதிப் பேர் அந்தக் கோடையிலேயே கொத்தனாரைக் கூப்பிடுவார்கள். மத்தியச் சட்டம் அது, சுலபத்தில் மாறாது. ஷீட் அறைக்கு மட்டும் வீட்டு வரியைக் கூட்டலாம். ஆனால் அதை அடுத்த மாத வாடகையில் ஏற்றிவிடுவார்கள் என்பதால் அது நல்ல யோசனை அல்ல.

இதையெல்லாம் யார் முடிவு செய்வது என்பதுதான் புதுச்சேரியில் கடினமான கேள்வி. இங்கே நகராட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 38 வருடம் கழித்து 2006இல் நடந்தது. அந்தக் கவுன்சில்களின் காலம் 2011இல் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் நகராட்சி அதிகாரிகள் கையில்தான் ஓடியது. கூரை பறந்த வார்டுக்குப் போய் நிற்க ஒரு கவுன்சிலர் இல்லாத ஊரில், மனு ஆணையருக்கும் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும்தான் போக வேண்டும். எழுதுபவர்கள் வீட்டு வரி ரசீதின் நகலை இணைக்க மறக்க வேண்டாம். மதிப்பீட்டு எண் இல்லாத மனு முதல் மேஜையைத் தாண்டாது.